காது வளைவில் இருபத்து மூன்று விநாடி

அவன் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவன் கால் உட்காராது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் வலது பாதம் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும், அங்கே ஒரு பெடல் இருப்பது போல. மேசைமேல் டம்ளரில் தண்ணீர் நடுங்கும்.

"சாப்பாடு ஒண்ணும் ரெண்டு மணி நேரத்துல இறுகிப் போயிடாது. மெல்லச் சாப்பிடுங்க," என்பாள் மனைவி.

"எங்கிட்ட ஏன் சொல்ற? காலுகிட்ட சொல்லு," என்பான்.

வேலை செய்யும் கான்கிரீட் பிளான்ட்டில் அவனுக்கு 'நிமிஷம்' என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எங்கே எந்த நெரிசலில் மாட்டினாலும், "இன்னும் இத்தனை நிமிஷம் இருக்கு" என்று சரியாகச் சொல்லுவான். சொன்ன நிமிஷத்தில் போய் நிற்பான். அதனால் வந்த பெயராக இருக்கும்.

அவன் ஓட்டுவது ரெடிமிக்ஸ் வண்டி. முதுகில் பெரிய டிரம் சுற்றிக்கொண்டே போகுமே, அந்த வண்டி. பிளான்ட்டில் சிமென்டும் ஜல்லியும் மணலும் தண்ணீரும் சேர்த்து டிரம்முக்குள் கொட்டுவார்கள். சிமென்டில் தண்ணீர் பட்ட அந்த நொடியில் இருந்து கணக்கு ஆரம்பம். இரண்டு மணி நேரத்துக்குள் கலவையைக் கொட்டி முடித்துவிட வேண்டும். தாண்டினால் இறுக ஆரம்பித்துவிடும், கட்டிட சைட்டில் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் பட்ட நேரத்தைச் சீட்டில் முத்திரை போட்டுக் கொடுப்பது ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவனுடைய அக்கா. அவள் அந்த ஜன்னலில் உட்கார்ந்து பதினேழு வருஷம். அவள்தான் சொல்லி அவனை அங்கே சேர்த்துவிட்டாள்.

அதற்கு முன்னால் அவன் செய்யாத வேலை இல்லை. இருபத்திரண்டு வயதில் மணல் லாரி. ஆறு வருஷம் கழித்துப் பள்ளிக்கூட பஸ், மூன்று வருஷம். அவன் பஸ்ஸில் போன ஒரு பிள்ளையும் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. நேரத்துக்கு வாசலுக்கு வராத இரண்டு பிள்ளைகளைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்ததில்தான் வேலை போனது. முப்பத்தொரு வயதில் இந்த வண்டிக்கு வந்தான். இப்போது நாற்பத்தைந்து. பதினான்கு வருஷத்தில் அவன் கொண்டுபோன ஒரு லோடு கூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பிளான்ட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அக்காவின் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும்.

மற்றவர்கள் லோடும் பெரும்பாலும் திரும்புவதில்லைதான். அதற்கு வழி வேறு. வண்டியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும், கொட்டிய பிறகு டிரம்மைக் கழுவுவதற்காக. தாமதமாகிக் கலவை இறுக ஆரம்பித்தால், சைட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரங்கட்டி அந்தக் குழாயைத் திறந்துவிடுவார்கள். கலவை குழைந்து போகும். பார்க்கிற கண்ணுக்குப் புதிதாகத் தெரியும். ஆனால் அந்தத் தூணுக்கு இருக்க வேண்டிய பலம் இருக்காது.

அவன் அந்தக் குழாயை லோடு இருக்கும்போது தொட்டதே இல்லை. "நாளைக்கு அந்த வீட்டுக்குள்ள யாரோ படுத்துத் தூங்குவாங்க," என்பான். தண்ணீர் விடாதவனுக்கு இருந்த ஒரே வழி நேரத்தோடு போய்ச் சேருவது. நேரத்தோடு போக, பறந்தான்.

நேர்மையில் இருந்துதான் அவனுக்கு வேகம் வந்தது. வேறு ஒருவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அவனை என்ன சொல்வது?

பிளான்ட்டில் இருந்து நகரத்துக்குப் போகும் சாலையில் ஒரு மேம்பாலம். அதிலிருந்து இடது பக்கமாகச் சுருண்டு இறங்கும் வளைவுக்கு ஓட்டுநர்கள் 'காது வளைவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நானூறு மீட்டர். வேகம் முப்பது என்று பலகை நிற்கும்.

கலவை வண்டி மற்ற லாரி மாதிரி இல்லை. டிரம் சுற்றும்போது உள்ளே இருக்கிற கலவை நடுவில் நிற்காது, சுற்றுகிற பக்கமாக ஏறி நிற்கும். அவர்கள் வண்டிகளில் அது வலது பக்கம். இடது பக்கம் திரும்பினால் வண்டியும் வலது பக்கம்தான் சாயும். இரண்டு சாய்வும் ஒன்று சேருகிற இடம் காது வளைவு. இதை அவன் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்டு, முதல் வருஷம் இருபத்தைந்தில் இறங்கினான்.

இரண்டாம் வருஷம் முப்பது. ஒன்றும் ஆகவில்லை. நான்காம் வருஷம் முப்பத்தைந்து. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது. கை பழகிவிட்டது என்றான், வண்டி தன் பேச்சைக் கேட்கிறது என்றான். அந்தப் பலகை புதுசாக ஓட்டுகிறவனுக்கு வைத்தது என்றும் ஒருநாள் சொன்னான். அவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வண்டிக்கு அவன் எத்தனை வருஷமாக ஓட்டுகிறான் என்று தெரியாது. எட்டு கன மீட்டர் கலவைக்கும் தெரியாது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். வளைவின் பாதியில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது. கையில் பாரமே இல்லை. இருக்கைக்குக் கீழே இருந்து வர வேண்டிய அதிர்வு நின்றுபோனது. இடது கண்ணாடியில் பார்த்தான். பின்சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

ஒரு கை அகல வெளிச்சம். அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தான், பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டீயரிங்கை ஒரு மயிரிழை நேராக்கினான். சக்கரம் கீழே இறங்கியது. அப்போதுதான் வலது கண்ணாடியில் அந்த ஸ்கூட்டரைப் பார்த்தான். ஓட்டியவள் ஒரு பெண். காலடியில் ஒரு பூந்தொட்டி, அதில் அகலமான இலையோடு ஒரு செடி. இலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வண்டி சாய்ந்திருந்தால் அவள்மேல்தான் சாய்ந்திருக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவனை முந்திக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டியும் எங்கே போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்பது அக்காவின் ஜன்னலுக்குள் இருக்கிற திரையில் தெரியும். மாலையில் சாவியைக் கொடுக்க வந்தபோது அக்கா கேட்டாள்.

"காது வளைவுல அம்பத்தெட்டு."

"அந்த மெஷின் அப்படித்தான் காட்டும்."

"அப்புறம் ஒரே அடியா நாப்பத்தொண்ணு. அதுவும் மெஷினா?"

"முன்னால ஒருத்தன் குறுக்க வந்தான்."

அவன் பொய் சொன்னால் சாவிக்கொத்தைக் கையில் சுற்றுவான். சின்ன வயதில் அரைஞாண் கயிற்றைச் சுற்றுவான். அக்கா அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்தாள், வாங்கி ஆணியில் மாட்டினாள்.

அன்றிலிருந்து அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வீட்டில் தொலைக்காட்சியைப் போடுவான், அணைப்பான். பல் தேய்த்துக்கொண்டே மாடிக்குப் போய்த் தெருவைப் பார்ப்பான். மனைவி வாங்கி வைத்திருந்த இரண்டு பூந்தொட்டிகளை வாசலில் இருந்து எடுத்துப் பின்பக்கம் வைத்தான். "வெயில் படட்டும்" என்றான். பின்பக்கம்தான் வெயிலே வராது.

புதன்கிழமை காலை சீட்டோடு சேர்த்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிளிப் போட்டு நீட்டினாள் அக்கா. கோடு போட்டு, கட்டம் கட்டி, அழகாக எழுதியிருந்தாள்.

காது வளைவு, 400 மீட்டர்.
58-ல் போனால் 25 விநாடி.
30-ல் போனால் 48 விநாடி.
மிச்சம் 23 விநாடி.

அவன் படித்தான். காது மடல் சிவந்தது.

"கால்குலேட்டரை மடியில வெச்சுகிட்டா வண்டி ஓட்ட முடியும்?"

"ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்டா. உன் பேருக்கு அரை நிமிஷம் கூடத் தேறல."

பின்னால் வரிசையில் நின்ற பஞ்சு சிரித்துவிட்டான். நூற்றுப் பத்து கிலோ இருப்பான், அதனால் பஞ்சு. "அண்ணே, இனிமே உங்களை விநாடின்னு கூப்பிடவா?"

"நீ போய் உன் சீட்டுல உன்னைத் திணிக்கிற வேலையைப் பாரு. அதுக்கே உனக்கு அரை மணி ஆகும்," என்றான் அவன். பிறகு ஜன்னலுக்குள் தலையை விட்டான். குரல் தாழ்ந்தது. "அக்கா, வளைவு மட்டுமா? முழு ரோட்டுலயும் அப்படிப் போனாத்தான் ஏழு எட்டு நிமிஷம் கிடைக்குது. அந்த ஏழு நிமிஷத்துலதான் என் பேரு நிக்குது. உனக்கு முன்னால இந்த ஜன்னல்ல இருந்தவரு பத்து நிமிஷம் தள்ளி முத்திரை போடுவாராமே. நீயும் அப்படிப் போட்டா நான் ஏன் பறக்கப் போறேன்?"

"நீ தண்ணி விடுவியா?"

"மாட்டேன்."

"நான் நேரத்தை மாத்தமாட்டேன். ஒரே வயித்துல பொறந்துட்டு வேற எப்படி இருப்போம்? போ, நேரம் ஓடுது."

அவன் காகிதத்தைக் கசக்கினான். ஆனால் எறியவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்றும் அடுத்த நாளும் காது வளைவில் நாற்பத்தைந்தில் இறங்கினான். ஐம்பத்தெட்டும் இல்லை, முப்பதும் இல்லை. யாரிடமும் தோற்காத மாதிரி ஒரு வேகம்.

வெள்ளிக்கிழமை வந்தது. சீட்டில் முத்திரை பதினொரு மணி ஏழு நிமிஷம். ஒன்று ஏழுக்குள் கொட்டி முடிக்க வேண்டும். முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டிடத்தின் தூண்களுக்கு லோடு. எப்போதும் போகிற வழிதான். ஒன்பதாவது கிலோமீட்டரில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, சாலையின் பாதியை அடைத்திருந்தார்கள். காலையில் போனபோது அது இல்லை. பதினொன்று முப்பத்திரண்டுக்கு நின்றான்.

நகரவில்லை. முன்னால் ஒரு கோழி வண்டி. பின்னால் ஒரு பஸ். அவன் கால் கிளட்ச்சில் ஏறியது, இறங்கியது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான். சீட்டை எடுத்துப் பார்த்தான், மாறாத நேரத்தை நான்கு தடவை. முதுகுக்குப் பின்னால் டிரம் கரகரவென்று சுற்றியது. அந்தச் சத்தம் அவனுக்குப் பாஷை மாதிரி. கலவை இளகி இருந்தால் சலசலக்கும், இறுக ஆரம்பித்தால் முனகும். பன்னிரண்டு மணிக்கு முதல் முனகல் கேட்டது.

வழி திறந்தபோது பன்னிரண்டு பதின்மூன்று. மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது. இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒழுங்காகப் போனால் முப்பத்தாறு நிமிஷம், பன்னிரண்டு நாற்பத்தொன்பது. கொட்ட இருபது நிமிஷம். ஒன்று ஒன்பது ஆகிவிடும். தன் பழைய வேகத்தில் போனால் ஏழு நிமிஷம் மிச்சம், ஒன்று இரண்டுக்கு முடித்துவிடலாம். முடியாத காரியம் இல்லை. எத்தனையோ தடவை செய்ததுதான்.

அறுபது. அறுபத்தைந்து. அறுபத்தெட்டு. மேம்பாலம் வந்தது.

கண்ணாடியில் பார்த்தான். வலது பக்கம் ஸ்கூட்டர் இல்லை, கார் இல்லை, யாரும் இல்லை. பஸ் நல்ல தூரத்தில் வந்தது. வளைவு முழுக்க அவனுக்கே. முப்பது என்ற பலகை நெருங்கியது. இன்றைக்கு ஒரு நாள். ஆளே இல்லாத வளைவில் இன்றைக்கு ஒரே ஒரு நாள்.

அவன் கால் என்ன செய்தது என்று பிறகு கேட்டவர்களுக்கு அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. "பையில அந்தக் காகிதம் குத்துச்சு," என்றான் ஒரு தடவை. "ஸ்டீயரிங் லேசாகும்னு கை பயந்துச்சு," என்றான் இன்னொரு தடவை. ஐம்பது, நாற்பது, முப்பத்தைந்து என்று குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது முள்ளை முப்பதில் நிறுத்தினான். வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

பத்து எண்ணும்போது பஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தது. பதினைந்தில் பஸ் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, "என்னய்யா, வண்டியில முட்டையா ஏத்தியிருக்க?" என்று கத்தினான். அவன் எண்ணிக்கையை விடவில்லை.

இருபத்தாறில், வலது பக்கத் தடுப்புச் சுவருக்கு மேலாக ஒரு தகரக் கூரை தெரிந்தது. அடியில் ஒரு பங்க்சர் கடை. மூன்று பேர் கீழே குந்தி ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பனியனைத் தூக்கி முகம் துடைத்தான். சுவருக்கு நேர் கீழே. பதினான்கு வருஷமாகத் தினம் இரண்டு தடவை, மூன்று தடவை இறங்குகிற வளைவு. அங்கே ஒரு கடை இருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆளே இல்லாத வளைவு என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் நினைத்திருந்தான்.

நாற்பத்தெட்டு எண்ணி முடித்தபோது சமதளம். பஸ் விருட்டென்று முந்திக்கொண்டு போனது. நேர்ச் சாலை முன்னால் கிடந்தது, அறுபத்தெட்டுக்கு மறுபடியும் போகலாம். போகவில்லை. வலது கால் மட்டும் நடுங்கியது, சாப்பாட்டு மேசைக்கு அடியில் நடுங்குகிற மாதிரி. இடது கையால் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினான். மீதி வழியெல்லாம் ஐம்பதைத் தாண்டவில்லை.

சைட்டில் போய் நின்றபோது பன்னிரண்டு ஐம்பது. இன்ஜினியர் ஒரு இளம்பெண். சீட்டை வாங்கிப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு தகரக் கூம்பில் கொஞ்சம் கலவையைப் பிடித்து, கவிழ்த்து, கூம்பை உருவினாள். குழைந்து அமர வேண்டிய கலவை கூம்பு மாதிரியே நின்றது.

மேஸ்திரி அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பக்கம் கொண்டு போய் ரெண்டு வாளி தண்ணி விட்டுக் கொண்டாங்க. அந்தப் பொண்ணு சாப்பிடப் போயிடும். ஆளுங்க காலையில இருந்து காத்துக் கிடக்கறாங்க."

"விடமாட்டேன்."

"அப்ப திருப்பிக் கொண்டு போக வேண்டியதுதான். நிமிஷம் லோடு திரும்புச்சுன்னு ஊரெல்லாம் பேசும், பரவாயில்லையா?"

அவன் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தான். "பேசட்டும்ண்ணே," என்றான்.

இன்ஜினியர் சீட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். அவனுக்கு அது தன் கையில் கீறியது போல இருந்தது.

வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, இறங்கி, தண்ணீர்க் குழாயைத் திறந்தான். லோடு உள்ளே இருக்கும்போது அவன் அதைத் திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இனி இது எந்தத் தூணுக்கும் போகாது, டிரம்முக்குள் இறுகாமல் பிளான்ட் போய்ச் சேர்ந்தால் போதும். தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து நின்றான். முனகல் மெல்ல மெல்லச் சலசலப்பாக மாறியது. இளகிய கலவை முன்னைவிட அதிகமாக அலம்பும் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி வருகிற வழியில் ஒவ்வொரு வளைவிலும் இருபத்தைந்துதான்.

பிளான்ட்டில் வண்டி நுழைந்தபோதே செய்தி முன்னால் வந்திருந்தது. ஓட்டுநர்கள் நிழலில் நின்று பார்த்தார்கள். கேலி பேசுவதற்கு வாய் வைத்திருந்தவன் பஞ்சு ஒருவன்தான். அவனும் பேசவில்லை. கழிவுக் குழிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கை காட்டி, கலவை வழிந்து இறங்கும் சரிவுத் தகரத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டு, எட்டு கன மீட்டரும் குழியில் விழுந்து முடிகிற வரை பக்கத்திலேயே நின்றான். பிறகு, "அண்ணே, என் லோடு இதுவரைக்கும் பதினாறு திரும்பியிருக்கு," என்றான். ஆறுதலா, தற்பெருமையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"பதினேழு. நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்," என்றான் அவன்.

ஜன்னலில் அக்கா பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தாள். சிவப்பு முத்திரையை எடுத்தாள். அவன் பெயருக்கு நேராக அதுவரை விழாத முத்திரை. மை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒரு பழைய தாளில் ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். பிறகு நேராக வைத்து, அழுத்தி, எடுத்தாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

அவன் சாவிக்கொத்தைச் சுற்றவில்லை. "வளைவுல முப்பதுல இறங்கினேன்னு எழுது."

"வளைவுக்கு இருபத்து மூணு விநாடி. அது காரணம் ஆகாது."

"அப்புறமும் மெல்லத்தான் வந்தேன். பழைய மாதிரி வந்திருந்தா கொட்டியிருப்பேன் அக்கா. ஒண்ணு ரெண்டுக்கு முடிச்சிருப்பேன். அது உனக்கும் தெரியும்."

"தெரியும். திரையில பார்த்துகிட்டேதான் இருந்தேன்."

"அப்ப அதை எழுது."

அக்கா பேனாவைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்தை விட்டு வெளியே போகாமல் எழுதினாள். எழுதி முடித்துப் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினாள். ஒன்பதாவது கிலோமீட்டரில் குழாய்ப் பள்ளம், நாற்பத்தொரு நிமிடம். அதற்குக் கீழே, கட்டத்தின் அடிக்கோட்டை ஒட்டி, சின்ன எழுத்தில்: சைட் சேரும் வரை தண்ணீர் சேர்க்கவில்லை.

அவன் இரண்டு தடவை படித்தான். கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் அங்கேயே நின்றான். ஜன்னலுக்குக் கீழே அவன் கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் அக்காவின் மேசைமேல் கிளிப் டப்பா மெல்லக் கிணுகிணுத்தது.

"அடுத்த லோடு எத்தனை மணிக்கு?"

"ரெண்டு நாப்பதுக்கு. அதே ரோடு. பள்ளம் இன்னும் மூடல."

"அப்ப பழைய பாலம் வழியா சுத்திப் போறேன். பதினோரு நிமிஷம் கூட ஆகும், ஆனா நிக்க வேண்டியதில்ல."

"பதிமூணு," என்றாள் அக்கா. பேனாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, புதுச் சீட்டை எடுத்து முத்திரைக்குக் கீழே வைத்தாள். "அந்த வழியிலயும் ஒரு வளைவு இருக்குடா."

"தெரியும்," என்றான். "அது எத்தனை மீட்டர்?"

அக்கா கால்குலேட்டரை எடுத்தாள்.